நோடுக்கு நோடு: தரவுத்தளக் கிளஸ்டர் பாதுகாப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. பல கணினிகள் சேர்ந்த கிளஸ்டராக ஓடும் தரவுத்தளத்தின் நோடுகள் (அதில் பங்குபெறும் கணினிகள்) தமக்குள் பேசிக்கொள்ளும் வழியை எவ்வாறு பாதுகாப்பது என்பதே அது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இவற்றுக்கு மட்டும் இங்கே விடையளிக்கிறோம். ஒன்றையொன்று ஒத்திருந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கசாண்ட்ரா தரவுத்தளக் கிளஸ்டர் மூன்று நோடுகளுடன் ஒரே தரவு மையத்தில், வெளியார் எட்ட முடியாத தனி வலையமைப்பில் ஓடுகிறது. செயலிகள் இணைவதற்குப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கட்டாயம். இப்போது வேறொரு மையத்தில் மேலும் மூன்று நோடுகளைச் சேர்க்கவிருக்கிறோம். நோடுகளுக்கு இடையிலும் டிஎல்எஸ் (இணைப்பில் செல்வதைக் குறியாக்கி, எதிர்முனையை அடையாளம் காணும் நெறிமுறை) தேவையா? தனி வலையமைப்பே போதும் என்கிறார்கள் வலையமைப்புக் குழுவினர்.

பதில்: தேவை. இரண்டாவது மையம் பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே தேவைப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். நீங்கள் குறிப்பிடும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் செயலிகள் இணையும் 9042 போர்ட்டைத்தான் (கணினியின் எண்ணிட்ட இணைப்பு வாயில்) காக்கின்றன. நோடுகள் தமக்குள் பேசுவது 7000 போர்ட்டில். இயல்பு அமைப்பில் அங்கே யாரும் கடவுச்சொல் கேட்பதில்லை. வருபவர் சொல்லும் கிளஸ்டர் பெயர் தன்னுடைய பெயரோடு ஒத்துப்போகிறதா என்பதை, நோடுகள் தம் நிலையைப் பரிமாறிக்கொள்ளும் காசிப் நெறிமுறை பார்க்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் ரகசியமாக வைக்கப்படுவதில்லை. ஆகவே அந்தப் போர்ட்டை எட்டக்கூடிய ஒருவர், நெறிமுறையைப் படித்து ஒரு நிரல் எழுதத் தெரிந்தவராக இருந்தால், தானும் ஒரு நோடுதான் என்று நடித்து எழுதவும் படிக்கவும் முடியும். அவருக்குப் பயனர் அட்டவணையில் எந்த இடமும் தேவையில்லை.

அந்த வழியில் என்னென்ன செல்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மூன்று பிரதிகள் வைக்கும் அமைப்பில் எழுதப்படும் ஒவ்வொரு தரவும் மற்ற நோடுகளுக்கு நகலாக அனுப்பப்படுகிறது. ஒரு நோடு சிறிது நேரம் விழுந்து எழுந்தால் அதற்காகச் சேமித்து வைத்த தரவுகள் மொத்தமாகப் போகின்றன. புதிய நோடு சேரும்போது தரவுக் கோப்புகளே முழுமுழுதாக நகர்கின்றன. நீங்கள் நம்பியிருக்கும் கடவுச்சொற்களின் ஹாஷ் மதிப்புகளும் (கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதற்காக அதிலிருந்து கணக்கிட்டுச் சேமித்தவை) ஓர் அட்டவணையில் இருப்பவைதான். அந்த அட்டவணையும் இதே போர்ட் வழியாகவே பிரதியெடுக்கப்படுகிறது. அதாவது முன்வாசலின் பூட்டுக்கான விவரங்கள் பின்வாசல் வழியே போய்வருகின்றன.

கசாண்ட்ராவில் நோடுகளுக்கிடையிலான குறியாக்கத்துக்கு நான்கு நிலைகள் உண்டு: எதுவும் இல்லை, எல்லாம், தரவு மையங்களுக்கு இடையில் மட்டும், ரேக்குகளுக்கு (சேவையகங்களை அடுக்கும் சட்டங்கள்) இடையில் மட்டும். உங்கள் சூழ்நிலையில் மூன்றாவது நிலை கவர்ச்சியாகத் தோன்றும். வலையமைப்புக் குழுவும் அதை எளிதில் ஒப்புக்கொள்ளும். நாங்கள் பரிந்துரைப்பது ‘எல்லாம்’ என்ற நிலையை. தனி வலையமைப்பு என்று நாம் அழைப்பதற்குள் சோதனைக் கணினி, கண்காணிப்புக் கருவி, காப்புப்பிரதி எடுக்கும் சேவையகம், எப்போதோ ஒருவர் நிறுவி மறந்துபோன ஏதோ ஒன்று என்று பலவும் இருக்கும். அவற்றில் ஒன்று பிறர் கைக்குப் போனாலும் 7000 போர்ட் எதிரே திறந்து கிடக்கிறது. எல்லைச் சுவரை மட்டும் நம்பியதன் விளைவை 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் உலகம் கண்டது: உள்நுழைவுச் சரிபார்ப்பு இன்றி இணையத்தில் திறந்து கிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்கள் பல்லாயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் பணம் கேட்கும் குறிப்புகள் வைக்கப்பட்டன. அவற்றை நடத்தியவர்களில் பலர் தங்கள் சேவையகத்துக்கு வெளியிலிருந்து வழி இருப்பதையே அறியாதவர்கள்.

கேள்வி: எல்லா நோடுகளுக்கும் ஒரே சான்றிதழைப் பயன்படுத்தலாமா? இணையதளங்களுக்குச் சான்றிதழ் தரும் பொது ஆணையத்திடம் பெற்றுவிட்டால் சொந்த ஆணையம் நடத்தும் தலைவலி இல்லையே?

பதில்: இரண்டுமே வேண்டாம். இந்த விஷயத்தில் பலரும் குறியாக்கத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்; எதிர்முனையில் இருப்பவர் யார் என்பதை உறுதிசெய்வது பின்னுக்குப் போய்விடுகிறது. ஆனால் குறியாக்கம் எளிய பாதி. அடையாளம் காண்பதே கடினமான பாதி, சான்றிதழ் இருப்பதும் அதற்காகத்தான்.

பொது ஆணையத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கிளஸ்டரில் நோடுகள் இருவழிச் சரிபார்ப்பு செய்ய வேண்டும்: இணைப்பை ஏற்பவரும் சான்றிதழ் காட்ட வேண்டும், இணைய வருபவரும் காட்ட வேண்டும். வருபவரின் சான்றிதழை நம் நோடு ஏற்பதற்கான அளவுகோல், நாம் நம்பும் ஆணையம் அதில் கையொப்பமிட்டிருக்கிறதா என்பது. நம்பகப் பட்டியலில் பொது ஆணையத்தை வைத்தால், அந்த ஆணையத்திடம் ஏதோ ஒரு டொமைன் பெயருக்குச் சான்றிதழ் பெற்ற எவரும் இந்த அளவுகோலைத் தாண்டிவிடுவார். பெயரையும் சரிபார்க்கும் அமைப்பைச் சேர்த்து இயக்காவிட்டால் உங்கள் கிளஸ்டரின் கதவு உலகத்துக்கே திறந்ததாகிறது. நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. ஒரே நோடு சேவையகமாகவும் (இணைப்பை ஏற்பவர்) கிளையன்டாகவும் (இணைய வருபவர்) செயல்படுவதால் அதன் சான்றிதழில் இரு பயன்பாடுகளுக்கும் அனுமதி குறிக்கப்பட்டிருக்க வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் உள்ளிட்ட பொது ஆணையங்களோ கிளையன்ட் பயன்பாட்டைத் தம் சான்றிதழ்களிலிருந்து நீக்கிவருகின்றன. பொதுச் சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. 2029 மார்ச் முதல் உச்சவரம்பு 47 நாள்கள் என்று முடிவாகியிருக்கிறது. இணையதளங்களுக்கு நல்ல விதிகளாக இருக்கும் இவை, உங்கள் தரவுத்தளத்தின் உள்வேலைக்காக எழுதப்பட்டவை அல்ல.

எனவே கிளஸ்டருக்கென்று ஒரு சொந்த ஆணையம் அமையுங்கள். கிளஸ்டருக்கு மட்டும் என்பதில் அழுத்தம் தருகிறேன். நிறுவனத்தின் மடிக்கணினிகளுக்கும் அச்சுப்பொறிகளுக்கும் சான்றிதழ் தரும் அதே ஆணையத்தை நம்பினால், மேலே சொன்ன குறை சிறிய அளவில் திரும்பி வருகிறது. மூல ஆணையத்தின் தனிச்சாவியை (அது கையொப்பமிடும் ரகசியச் சாவி) வலையமைப்பில் இணையாத இடத்தில் வைத்துவிட்டு, அது கையொப்பமிட்ட இடைநிலை ஆணையத்தைக் கொண்டு நோடுகளுக்குச் சான்றிதழ் வழங்குவது வழக்கமான, நல்ல ஏற்பாடு. எக்காரணம் கொண்டும் ஆணையத்தின் தனிச்சாவி தரவுத்தள நோடு எதிலும் இருக்கக் கூடாது. காக்ரோச்டிபி போன்ற தரவுத்தளங்கள் ஆணையத்தையும் நோடுச் சான்றிதழ்களையும் உருவாக்கும் கட்டளைகளைத் தம்முடனேயே தருகின்றன. அவசரத்தில் முதல் நோடிலேயே அவற்றை ஓட்டிவிட்டு ஆணையச் சாவியை அங்கேயே விட்டுவைப்பவர்கள் அதிகம்.

ஒவ்வொரு நோடுக்கும் தனிச்சாவியும் சான்றிதழும் தனித்தனியே வேண்டும். எல்லா நோடுகளுக்கும் ஒன்றே என்றால், ஒரு நோடிலிருந்து சாவி களவுபோன நாளில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியிருக்கும், எந்த நோடு எந்த இணைப்பைத் தொடங்கியது என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. சான்றிதழில் நோடின் பெயரை எங்கே எழுதுகிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. பழைய வழிகாட்டிகள் பொதுப்பெயர்ப் புலத்தில் எழுதச் சொல்லும். இப்போதைய நிரல்கள் பல அதைப் பார்ப்பதே இல்லை. கோ நிரல்மொழியில் 2020-இல் வந்த 1.15 பதிப்பு அந்தப் புலத்தைப் பெயர்ச் சரிபார்ப்புக்கு ஏற்பதை இயல்பாக நிறுத்திவிட்டது. இடிசிடி, காக்ரோச்டிபி ஆகிய தரவுத்தளங்கள் அம்மொழியில் எழுதப்பட்டவை. ஆகவே மாற்றுப்பெயர்ப் புலத்தில் நோடின் முழு டொமைன் பெயரை எழுதுங்கள். நோடுகள் ஒன்றையொன்று ஐபி முகவரியால் அழைக்கும் அமைப்பாக இருந்தால் அந்த முகவரியையும், வெறும் எழுத்துச் சரமாக அன்றி, ஐபி வகை உள்ளீடாக எழுதுங்கள். சான்றிதழ் கச்சிதமாக இருக்கிறது, ஆணையம் சரியாக இருக்கிறது, ஆனாலும் நோடு சேர மறுக்கிறது என்று எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு விடை இந்த ஒரு புலத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: டிஎல்எஸ் போட்டால் கிளஸ்டரின் வேகம் குறையாதா?

பதில்: பெரும்பாலான அமைப்புகளில் அளந்து பார்த்தால்தான் தெரியும் அளவுக்குக் குறையும். செலவு அதிகமான பகுதி ஹேண்ட்ஷேக், அதாவது இணைப்பின் தொடக்கத்தில் சான்றிதழ்களைக் காட்டிச் சாவிகளை ஒப்புக்கொள்வது; நோடுகளோ ஒருமுறை இணைந்தால் மணிக்கணக்கில், நாள்கணக்கில் அதே இணைப்பில் பேசுகின்றன. அதன் பிறகு நடக்கும் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கு இன்றைய சேவையகங்களின் நுண்செயலிகளில் வன்பொருள் கட்டளைகளே உண்டு. வேறுபாடு உணரப்படும் இடம் ஒன்று இருக்கிறது: புதிய நோடு சேரும்போதோ பழுதான நோடை மாற்றும்போதோ நடக்கும் பெருந்தரவு நகர்வு. குறியாக்கம் இல்லாதபோது கோப்பை வட்டிலிருந்து நேரே வலையமைப்புக்குத் தள்ளிவிட முடியும். குறியாக்கம் இருந்தால் ஒவ்வொரு பைட்டும் நுண்செயலியின் வழியே போக வேண்டும். அந்த வேலைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். நேரமில்லை என்று குறியாக்கத்தைத் தற்காலிகமாக அணைப்பதை மட்டும் செய்யாதீர்கள், ஏனெனில் மொத்தத் தரவும் கம்பியில் போகும் நேரம் அதுதான்.

கேள்வி: ஐந்து உறுப்பினர்கள் கொண்ட மாங்கோடிபி ரெப்ளிகா செட் (ஒரே தரவின் பிரதிகளை வைத்திருக்கும் குழு) ஒன்றை நடத்துகிறோம். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிவது கீ-ஃபைல் (எல்லாரிடமும் இருக்கும் பொது ரகசியக் கோப்பு) மூலம் மட்டும், குறியாக்கம் இல்லை. சேவையை நிறுத்தாமல் டிஎல்எஸ்ஸுக்கு மாற முடியுமா?

பதில்: முடியும். இதற்கான படிகளை மாங்கோடிபியே வகுத்து வைத்திருக்கிறது. டிஎல்எஸ் பயன்முறைக்கு நான்கு நிலைகள் உண்டு: அணைத்தல், அனுமதித்தல், விரும்புதல், கட்டாயமாக்குதல். ‘அனுமதித்தல்’ நிலையில் இருக்கும் உறுப்பினர் தான் தொடங்கும் இணைப்பைக் குறியாக்கம் இன்றியே தொடங்குவார், வரும் இணைப்பு எதுவானாலும் ஏற்பார். ‘விரும்புதல்’ நிலையில் தான் தொடங்குவதைக் குறியாக்கத்துடன் தொடங்குவார், வருவது இரண்டில் எதுவானாலும் ஏற்பார். ‘கட்டாய’ நிலையில் குறியாக்கம் இல்லாத எதையும் ஏற்க மாட்டார். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு எல்லா உறுப்பினர்களும் போய்ச் சேர்ந்த பிறகே அதற்கும் அடுத்த நிலையைத் தொட வேண்டும் என்பதுதான் முழு ரகசியமும். இருவர் ‘கட்டாய’ நிலையிலும் ஒருவர் ‘அனுமதித்தல்’ நிலையிலும் இருந்தால் அந்த ஒருவர் தொடங்கும் இணைப்புகள் அறுந்துவிடும்.

உறுப்பினர் அடையாளத்துக்கும் இதே போன்ற நான்கு நிலைகள் இருக்கின்றன. கீ-ஃபைல் மட்டும்; கீ-ஃபைலை அனுப்பிக்கொண்டு சான்றிதழையும் ஏற்பது; சான்றிதழை அனுப்பிக்கொண்டு கீ-ஃபைலையும் ஏற்பது; சான்றிதழ் மட்டும். இரண்டு ஏணிகளையும் ஒன்றாகவே ஏறலாம். முதல் சுற்றில் ஒவ்வோர் இரண்டாம்நிலை உறுப்பினரையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, சான்றிதழ் கோப்புகளையும் ஆணையக் கோப்பையும் அமைப்பில் சேர்த்து, ‘அனுமதித்தல்’ நிலையிலும் ‘கீ-ஃபைலை அனுப்பு’ நிலையிலும் மறுதொடக்கம் செய்யுங்கள். ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாம்நிலைக்கு வந்து பிரதியில் எட்டிப் பிடித்ததை உறுதிசெய்த பின் அடுத்ததைத் தொடுங்கள். கடைசியில் முதன்மை உறுப்பினரைப் பதவி இறக்கி அதையும் மாற்றுங்கள். அதற்கு மேற்பட்ட படிகளுக்கு மறுதொடக்கம் தேவையில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே நிர்வாகக் கட்டளையால் நிலையை உயர்த்தலாம். ஆனால் அவ்வாறு உயர்த்தியது அமைப்புக் கோப்பில் தானாக எழுதப்படுவதில்லை. கோப்பையும் உடனே திருத்தாவிட்டால், என்றோ ஒரு நாள் மறுதொடக்கம் செய்யப்படும் உறுப்பினர் பழைய நிலையில் எழுந்து, மற்றவர்களோடு பேச முடியாமல் தனித்து நிற்கும்.

சான்றிதழ்களைத் தயாரிக்கும்போது ஒரு கூடுதல் விதியைக் கவனியுங்கள். நிறுவனம், பிரிவு, டொமைன் கூறு ஆகிய புலங்களில் குறைந்தது ஒன்றாவது நிரப்பப்பட்டு, எல்லா உறுப்பினர்களின் சான்றிதழ்களிலும் அவை ஒன்றாக இருந்தால்தான் ஒருவரையொருவர் உறுப்பினராக ஏற்பார்கள். இதன் மறுபக்கம் ஆபத்தானது: செயலிகளுக்குத் தரும் கிளையன்ட் சான்றிதழிலும் அதே புலங்களை அதே மதிப்புகளோடு எழுதிவிட்டால், அந்தச் செயலியைச் சேவையகம் கிளஸ்டர் உறுப்பினராகவே கருதி முழு உரிமையும் தந்துவிடக்கூடும். செயலிகளுக்கான பிரிவுப் பெயரை வேறாக வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

கசாண்ட்ரா வாசகர்களும் இதே கேள்வியை அனுப்பியிருந்தார்கள். 2021-இல் வெளிவந்த 4.0 பதிப்பிலிருந்து அங்கும் இரண்டே சுற்றில் மாறலாம். முதல் சுற்றில் நோடுகளுக்கிடையிலான குறியாக்கத்தை இயக்கி, ‘விருப்பத்துக்குரியது’ என்ற குறியையும் சேர்த்து நோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக மறுதொடக்கம் செய்ய வேண்டும். எல்லா நோடுகளும் முடிந்த பின் இரண்டாம் சுற்றில் அந்தக் குறியை நீக்கி, இருவழிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டாம் சுற்றை அடுத்த மாதத்துக்கு என்று தள்ளிப்போடுவது மிகப் பரவலான பழக்கம். பாதுகாப்புத் தணிக்கையில் ‘டிஎல்எஸ் இயங்குகிறது’ என்று பதிவாகிவிடும், ஆனால் குறியாக்கம் இல்லாத இணைப்புகளையும் கிளஸ்டர் ஏற்றுக்கொண்டே இருக்கும். மாற்றத்துக்கான அனுமதி கேட்கும்போதே இரண்டு சுற்றுகளுக்கும் தேதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நோடுகளின் சான்றிதழ்கள் காலாவதியாகி இரண்டு வாரம் ஆனதை யாரும் கவனிக்கவில்லை. கிளஸ்டர் இயல்பாகவே ஓடியது. பிறகு நினைவகம் கூட்டுவதற்காக ஒரு நோடை நிறுத்தி எழுப்பினோம். அது மற்றவற்றோடு சேரவே இல்லை. காலாவதியான அன்றே ஏன் பிரச்சினை வரவில்லை?

பதில்: சான்றிதழின் தேதி ஹேண்ட்ஷேக்கின்போது மட்டுமே பார்க்கப்படுகிறது. அன்று ஏற்கெனவே இணைந்திருந்தவர்கள் அதே இணைப்பில் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஏதாவது ஒரு காரணத்தால் இணைப்பு அறுந்து மீண்டும் தொடங்கும்போதுதான் தேதி கேட்கப்படுகிறது. உங்களுக்கு ஒரு நோடோடு போனது நல்லதாயிற்று. வலையமைப்பு நிலைமாற்றி ஒன்று சில நொடிகள் அணைந்து எழுந்திருந்தால் எல்லா நோடுகளும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று ஏற்க மறுத்திருக்கும். தரவை எழுதும் எந்த முயற்சிக்கும் பெரும்பான்மை நோடுகளின் ஒப்புதல் கிடைத்திருக்காது.

இப்போது செய்ய வேண்டியது: மற்ற நோடுகள் எதையும் மறுதொடக்கம் செய்யாதீர்கள். எல்லா நோடுகளுக்கும் புதிய சான்றிதழ்களை அதே ஆணையத்திடம் பெற்று, கோப்புகளை இடத்தில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறையைப் புதிய கோப்புகளைப் படிக்கச் செய்யும் வழி அநேகமாக உங்கள் தரவுத்தளத்தில் உண்டு. கசாண்ட்ரா 4.0-இல் நோட்டூல் கருவியின் ரீலோட்-எஸ்எஸ்எல் கட்டளையும், மாங்கோடிபி 5.0 முதல் ரொட்டேட்-சர்ட்டிஃபிகேட்ஸ் கட்டளையும், காக்ரோச்டிபியில் சிக்-ஹப் சிக்னலும் அதற்குத்தான். இடிசிடி ஒவ்வொரு புதிய இணைப்பின்போதும் கோப்பைத் தானாகவே படித்துக்கொள்ளும்.

இனி வராமல் தடுப்பதற்கு, எல்லா நோடுகளின் சான்றிதழ்களையும் ஒரே நாளில் வழங்கும் பழக்கத்தை விடுங்கள். தேதிகள் சில வார இடைவெளியில் சிதறியிருந்தால் முதலாவது தரும் எச்சரிக்கை மற்றவற்றைக் காப்பாற்றும். கண்காணிப்புக் கருவி கோப்பின் தேதியைப் பார்த்தால் போதாது. கோப்பு புதியதாக இருக்கும், செயல்முறை பழையதையே நினைவகத்தில் வைத்திருக்கும். போர்ட்டோடு இணைந்து, அங்கே காட்டப்படும் சான்றிதழின் முடிவுத் தேதியைப் படிப்பதே சரியான கண்காணிப்பு. காலாவதித் தொல்லையே வேண்டாம் என்று மிக நீண்ட ஆயுளுடன் சான்றிதழ் வழங்கச் சிலர் யோசனை சொல்வார்கள். காக்ரோச்டிபியின் கருவி இயல்பாக நோடுச் சான்றிதழுக்கு 5 ஆண்டும் ஆணையத்துக்கு 10 ஆண்டும் தருகிறது. நிறுவியவர் வேலை மாறிப் போய், எப்படிப் புதுப்பிப்பது என்று தெரிந்தவர் எவரும் இல்லாமல் போவதற்கு அது தாராளமான கால அளவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானியங்கியாக மாறும் சான்றிதழ் ஓராண்டுக்குள் நான்கு முறை ஒத்திகை பார்க்கப்பட்டுவிடும்.

ஆணையத்தையே மாற்ற வேண்டிய நாளும் வரும். அங்கே வரிசை தவறக் கூடாது. முதலில் எல்லா நோடுகளின் நம்பகப் பட்டியலிலும் பழையது, புதியது ஆகிய இரண்டு ஆணையங்களையும் சேர்க்க வேண்டும். அது எங்கும் போய்ச் சேர்ந்த பிறகே புதிய ஆணையம் கையொப்பமிட்ட நோடுச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக மாற்றலாம். எல்லாம் மாறிய பின்னரே பழைய ஆணையத்தைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். இடையில் ஒரு படியைத் தாண்டினால் கிளஸ்டர் இரண்டாகப் பிளக்கும். இதே அறிகுறிகளோடு வரும் வேறொரு பழுது நேரம் பற்றியது: கடிகாரம் பின்தங்கிய நோடு, சற்றுமுன் வழங்கிய சான்றிதழை ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று மறுக்கும். சான்றிதழைக் குறை சொல்வதற்கு முன் நேர ஒத்திசைவைப் பாருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனியாகச் சான்றிதழ் அமைப்பதைவிட, எல்லாக் கணினிகளுக்கும் இடையே வயர்கார்ட் சுரங்கம் (முழுப் போக்குவரத்தையும் குறியாக்கி அனுப்பும் விபிஎன் வழி) அமைத்துவிட்டால் போதாதா?

பதில்: சில இடங்களில் போதும். வயர்கார்ட், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2020-இன் 5.6 பதிப்பு முதல் உடன் வருகிறது, அமைப்பதும் எளிது, தரவுத்தளத்தின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை. டிஎல்எஸ் தெரியாத பழைய கருவிகளின் போக்குவரத்தும் அதற்குள் அடங்கிவிடும். கலேரா கிளஸ்டர் போன்று நகல் தொடர்புக்கு 4567, முழுப் பிரதி மாற்றத்துக்கு 4444, விடுபட்டவற்றை அனுப்ப 4568 என்று பல போர்ட்களில், வெவ்வேறு கருவிகள் மூலம் பேசும் அமைப்பில் இது பெரிய நிம்மதி.

ஆனால் அந்தச் சுரங்கம் அடையாளம் காட்டுவது கணினியை; கணினியில் ஓடும் நிரலை அல்ல. ஒரே கணினியில் தரவுத்தளத்தோடு வேறு கன்டெய்னர்களும் (தனித்தனியே அடைத்து ஓட்டப்படும் நிரல்கள்) ஓடினால், அவற்றில் எது வேண்டுமானாலும் சுரங்கத்தின் வழியே மற்ற நோடுகளின் உள்போர்ட்டை அடையலாம். எதிர்முனைக்கு எல்லாம் ஒரே சாவியிலிருந்து வந்ததாகவே தெரியும். எனவே தரவுத்தளம் மட்டுமே ஓடும் கணினிகளாக இருந்து, ஃபயர்வால் விதிகளும் இறுக்கமாக இருந்தால் வயர்கார்டை ஏற்கலாம். கணினிகளைப் பிறரோடு பங்கிடும் சூழலில் அது டிஎல்எஸ்ஸுக்கு மாற்று ஆகாது. இரண்டையும் சேர்த்து வைப்பதில் தவறில்லை, பராமரிப்புதான் இரட்டிப்பாகும்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில், இணைப்பின் பாதுகாப்பு நிலையைக் குறிக்கும் ‘எஸ்எஸ்எல்-மோட்’ மதிப்பை ‘ரிக்வயர்’ என்று வைத்திருக்கிறோம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பதில்: அந்த மதிப்பு குறியாக்கத்தை மட்டுமே உறுதிசெய்கிறது. ஆணையச் சான்றிதழ் கோப்பு கிளையன்டிடம் இல்லாத நிலையில், எதிரே இருப்பவர் காட்டும் எந்தச் சான்றிதழையும் அது ஏற்றுக்கொள்ளும். நடுவில் நிற்பவர் தானே உருவாக்கிக்கொண்ட ஒன்றையும்தான். உங்களுக்கு வேண்டியது ‘வெரிஃபை-ஃபுல்’. அது ஆணையத்தையும் பார்க்கும், நீங்கள் இணையக் கேட்ட பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா என்றும் பார்க்கும். எதையும் குறிப்பிடாவிட்டால் இயல்பு மதிப்பு ‘பிரிஃபர்’. முடிந்தால் குறியாக்கம், முடியாவிட்டால் வெறுமனே இணைந்துவிடும்.

இதைச் செயலிகளுக்கான அமைப்பு என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். துணைச் சேவையகம் முதன்மையிலிருந்து பிரதி பெறும்போது அதுவும் ஒரு கிளையன்ட்தான். அதன் இணைப்புச் சரத்திலும் ‘வெரிஃபை-ஃபுல்’ இருக்க வேண்டும். முதன்மையின் அணுகல் விதிக் கோப்பில் பிரதிக்கான வரியை ‘ஹோஸ்ட்-எஸ்எஸ்எல்’ என்று தொடங்கி, சான்றிதழையும் கேட்கும்படி அமைத்தால் இருவழிச் சரிபார்ப்பு நிறைவாகும். பொதுவாக ‘ஹோஸ்ட்’ என்று தொடங்கும் பழைய வரி ஒன்று அதற்கு மேலே இருந்தால் அதுவே முதலில் பொருந்தி, உங்கள் புதிய வரி எட்டப்படாமலே போகும்.

கேள்வி: எல்லாவற்றையும் அமைத்துவிட்டோம். உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: ஏற்க வேண்டியதை ஏற்கிறதா என்று சோதித்தால் போதாது, மறுக்க வேண்டியதை மறுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முதலில் வலையமைப்புப் போக்குவரத்தைப் பதியும் டிசிபி-டம்ப் கருவியைக் கொண்டு உள்போர்ட்டின் போக்குவரத்தைப் பிடித்து, அடையாளம் காணத்தக்க ஒரு சொல்லைத் தரவுத்தளத்தில் எழுதுங்கள். பிடித்ததில் அந்தச் சொல் தேடிக் கிடைத்தால் குறியாக்கம் இல்லை. ஆனால் கிடைக்காததை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள், தரவு சுருக்கப்பட்டுச் சென்றாலும் சொல் அகப்படாது. பிடித்த இணைப்பின் தொடக்கத்தில் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அடுத்து ஓபன்எஸ்எஸ்எல் கருவியின் எஸ்-கிளையன்ட் மூலம் மூன்று விதமாக இணைந்து பாருங்கள்: சரியான சான்றிதழோடு, வேறோர் ஆணையத்தின் சான்றிதழோடு, சான்றிதழே இல்லாமல். பின் இரண்டும் மறுக்கப்பட வேண்டும்.

இங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. டிஎல்எஸ் 1.3-இல் கிளையன்ட் தன் பங்கு ஹேண்ட்ஷேக்கை முடித்த பிறகே சேவையகம் சான்றிதழ் இல்லாததைக் குறித்து மறுப்பு அனுப்புகிறது. ஆகவே எஸ்-கிளையன்ட் திரையில் எல்லாம் வெற்றி என்பது போலச் சரிபார்ப்புக் குறியீடு 0 என்று காட்டும். ஒரு கணம் கழித்து, சான்றிதழ் தேவை என்னும் 116-ஆம் எண் எச்சரிக்கை வந்து இணைப்பு மூடப்படும். முதல் சில வரிகளைப் பார்த்துவிட்டுச் சேவையகம் எவரையும் ஏற்கிறது என்று பதறுபவர்களும் உண்டு. அந்த 0 என்பது சேவையகத்தின் சான்றிதழை நீங்கள் சரிபார்த்ததன் முடிவு, உங்களை அது ஏற்றதன் முடிவு அன்று. இணைப்பு மூடப்படும் வரை காத்திருங்கள், அல்லது பதிப்பை 1.2 என்று கட்டாயப்படுத்தி இன்னொரு முறை சோதியுங்கள்.

கடைசியாக, நோடில் திறந்திருக்கும் எல்லாப் போர்ட்களின் பட்டியலையும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுங்கள். எலாஸ்டிக்சர்ச் தரவுத்தளத்தில் செயலிகள் இணையும் 9200-ஐப் பூட்டிவிட்டு நோடுகள் பேசும் 9300-ஐ மறந்தவர்களும், கசாண்ட்ராவில் இரண்டையும் பூட்டிவிட்டு நிர்வாகத்துக்கான 7199-ஐத் திறந்து விட்டவர்களும் எங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். தனிச்சாவிக் கோப்பைத் தரவுத்தளத்தை ஓட்டும் பயனர் மட்டுமே படிக்கும்படி அனுமதி 600 என்று வையுங்கள். அந்தக் கோப்பு இரவுதோறும் எடுக்கப்படும் காப்புப்பிரதிக்குள் சேர்ந்து வேறு சேவையகத்துக்குப் போகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.